சிவப்பு முத்திரை மட்டும் தாயைக் காப்பாற்றுமா?
அபாய மகப்பேறு: கேரளம் கற்றதும் நாடு கற்க வேண்டியதும்

புது தில்லி: ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது, பேறுகாலம் தொடர்பான காரணங்களால் உயிரிழக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை, ஒரு நாட்டின் பொதுச் சுகாதாரத்துக்கு உரைகல்லாகக் கருதப்படுகிறது. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2022 நவம்பரில் வெளியிட்ட 2018-20 ஆண்டுகளுக்கான கணக்கின்படி, இந்த எண்ணிக்கை நாடு முழுவதற்கும் 97. அசாமில் அது 195, தமிழகத்தில் 54, கேரளத்தில் 19.

முதலிடத்தில் உள்ள மாநிலத்திடம் குறை காண என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆனால், கேரளத்தின் அனுபவமே நாட்டின் பிற பகுதிகளுக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அம்மாநிலத்தில் 99.8 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நிகழ்ந்தன. எனவே, "மருத்துவமனைக்கு வராததால் தாய் இறந்தார்" என்ற வழக்கமான விளக்கம் அங்கு பெரும்பாலும் செல்லாது. பரிசோதனைக்கு வந்த, அட்டையில் பெயர் பதிந்த, அபாயம் உள்ளவர் என்று முன்னரே அறியப்பட்ட பெண்களும் உயிரிழக்கின்றனர். தமிழகத்தில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம் என்பதால், இக்கேள்வி நமக்கும் பொருந்தும்: அபாயத்தைக் கண்டறிந்த பிறகு என்ன நடக்கிறது?

யாருக்கு அபாயம்?

கடுமையான ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், கர்ப்பகால நீரிழிவு, இதய நோய், தைராய்டு குறைபாடு, இரட்டைக் கரு, முந்தைய சிசேரியன், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்து நிற்றல், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருத்தல், 18 வயதுக்குக் குறைந்த அல்லது 35 வயதைக் கடந்த தாய்மை ஆகியவை அபாயம் மிகுந்தவையாகக் கணக்கிடப்படுகின்றன. இவற்றுள் பல, எளிய பரிசோதனைகளில் தெரிந்துவிடக் கூடியவை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்குவதும், ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொடுவதும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்டறியப்படுபவை.

கர்ப்பகால நீரிழிவைக் கண்டறிய, வெறும் வயிறாக இருக்க வேண்டிய கட்டாயமின்றி 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ஒரே முறை ரத்தம் எடுத்துப் பார்க்கும் முறை நாடு முழுவதும் பின்பற்றப்படுகிறது. இந்த முறைக்காக நெடுங்காலம் வாதாடியவர் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவ வல்லுநர் வி. சேஷையா. அவரது பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

ரத்தசோகையின் பரப்பு இன்னும் கவலைக்குரியது. 2019-21 ஆய்வின்படி, கருவுற்ற பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் நாட்டில் 52.2 சதவீதம்; தமிழகத்தில் 48.3, கேரளத்தில் 31.4. பிரசவத்தின்போது சாதாரணமாகத் தாங்கிக்கொள்ளக் கூடிய உதிரப்போக்கு, ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு உயிராபத்தாக முடியும்.

மாதந்தோறும் 9-ஆம் தேதி

மத்திய அரசு 2016-ல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மை இயக்கத்தின்படி, ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கருவுற்ற பெண்களுக்கு மருத்துவர் மூலம் இலவசப் பரிசோதனை நடத்தப்படுகிறது. அபாயம் உள்ளவரின் தாய்-சேய் அட்டையில் சிவப்பு வில்லை ஒட்டப்படும். அபாயம் இல்லாதவருக்குப் பச்சை.

வில்லை ஒட்டுவதோடு பலரது கவனிப்பு நின்றுவிட்டது என்பதை மத்திய அரசே உணர்ந்ததால்தான், 2022 ஜனவரியில் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. அபாயம் உள்ள ஒவ்வொரு பெண்ணையும் பெயர் வாரியாகப் பின்தொடர்வது, கூடுதலாக 3 முறை பரிசோதனைக்கு அழைத்து வருவது, பிரசவத்துக்குப் பின் 45-ஆம் நாள் வரை கண்காணிப்பது ஆகியவை சேர்க்கப்பட்டன. தாயும் சேயும் நலமாக இருந்தால் ஆஷா பணியாளருக்கு ரூ. 500 ஊக்கத்தொகை என்பதும் அதில் ஒரு பகுதி.

கூடுதல் கண்காணிப்பு என்பது கூடுதல் ஸ்கேன் மட்டுமன்று. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு வாரந்தோறும் அளவீடும் சிறுநீரில் புரதப் பரிசோதனையும் வேண்டும். முன்னரே அபாயம் தெரிந்தவர்களுக்குக் கருவுற்ற 12-ஆம் வாரம் முதல் குறைந்த அளவு ஆஸ்பிரின் தரப்படுகிறது. நீரிழிவு உள்ளவருக்கு உணவு முறையும் சர்க்கரை அளவும் தொடர்ந்து பார்க்கப்பட வேண்டும். வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு நஞ்சுக்கொடி ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் பரிசோதனை தேவைப்படும். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தாயும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல், எல்லாத் தாய்மாருக்குமே குறைந்தது 8 பரிசோதனைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது குறிப்பிடத்தக்கது.

பெயரும் இல்லை, பழியும் இல்லை

கண்டறிந்த பிறகும் தாய்மார் ஏன் இறக்கின்றனர் என்ற கேள்வியைக் கேரளத்தின் மகப்பேறு மருத்துவர்களே 2004-ல் தங்களுக்குள் எழுப்பினர். கேரள மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர்கள் கூட்டமைப்பு, மாநில அரசின் ஆணையுடன், தாய்மார் இறப்பு குறித்த ரகசிய ஆய்வைத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1952 முதல் நடைபெற்றுவரும் இத்தகைய ஆய்வே இதற்கு முன்மாதிரி. கேரளத்தில் இதனை முன்னின்று நடத்தியவர்களுள் மருத்துவர் வி.பி. பைலி முக்கியமானவர்.

இந்த ஆய்வின் அடிப்படை எளிமையானது. இறந்த பெண்ணின் சிகிச்சைப் பதிவேட்டிலிருந்து அவரது பெயர், மருத்துவமனையின் பெயர், மருத்துவரின் பெயர் ஆகிய அனைத்தும் நீக்கப்படுகின்றன. பின்னர் அனுபவம் மிக்க மருத்துவர்கள் அதைப் படித்து, எங்கே காலதாமதம் நேர்ந்தது, எந்த முடிவு தவறியது என்று மதிப்பிடுகின்றனர். யாரையும் தண்டிப்பது நோக்கமன்று. தண்டனை வரும் என்ற அச்சம் இருந்தால் பதிவேடுகளில் உண்மை இடம்பெறாது என்பதே இதன் பின்னுள்ள கருத்து.

பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கும், உயர் ரத்த அழுத்தமும் முதன்மைக் காரணங்களாக வெளிப்பட்டன. இவை இரண்டுமே பெரும்பாலும் தடுக்கக் கூடியவை. பிரிட்டனின் தேசிய சுகாதார, சிகிச்சை மேன்மை நிறுவனத்தின் துணையுடன், இவ்விரண்டுக்கும் தர நெறிகள் வகுக்கப்பட்டு, 2013 முதல் 8 மருத்துவமனைகளில் சோதித்துப் பார்க்கப்பட்டன. குழந்தை பிறந்தவுடன் கருப்பை சுருங்குவதற்கான ஊசி, இழந்த ரத்தத்தைக் கண் மதிப்பாக அன்றி அளந்து பார்த்தல், பிரசவம் முடிந்த முதல் சில மணி நேரம் தாயை விட்டு அகலாத கண்காணிப்பு, நெருக்கடியில் உடனே கூடும் மருத்துவக் குழு ஆகியவை அதன் கூறுகள். உதிரப்போக்கைத் தற்காலிகமாக நிறுத்த, கருப்பைக்குச் செல்லும் ரத்தக் குழாயை வெளியிலிருந்தே இறுக்கிப் பிடிக்கும் கருவி ஒன்றையும் பைலி வடிவமைத்தார்.

இவற்றில் பெரும் பொருட்செலவு பிடிப்பவை அதிகம் இல்லை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வும் இதே உண்மையை உறுதி செய்தது. அளவு குறித்த பை ஒன்றில் ரத்தத்தைச் சேகரித்து அளந்து, வரம்பு மீறியவுடன் எல்லாச் சிகிச்சைகளையும் ஒருசேரத் தொடங்கியதால், கடும் உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன.

2001-03-ல் 110 ஆக இருந்த கேரளத்தின் தாய்மார் இறப்பு விகிதம், 2010-12-ல் 66 ஆகவும், 2018-20-ல் 19 ஆகவும் இறங்கியது. இதற்கு ஆய்வு மட்டுமே காரணம் என்று கூற இயலாது. பெண் கல்வி, சாலை வசதி, குறைந்த பிறப்பு விகிதம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. ஆயினும், இறப்புகளை மறைக்காமல் படித்துப் பார்த்த மாநிலம் அது என்பதை மறுக்க முடியாது. தமிழகமும் 1994 முதல் ஒவ்வொரு தாய் இறப்பையும் பதிவு செய்து தணிக்கை செய்துவருகிறது. பல வட மாநிலங்களில் இறப்பே முழுமையாகப் பதிவாவதில்லை என்பதுதான் தில்லியில் திட்டமிடுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்.

எப்படிப் பிறக்க வேண்டும்: யார் முடிவு?

அபாயம் உள்ளது என்றாலே சிசேரியன் என்ற எண்ணம் தென்னகத்தில் ஆழமாக வேரூன்றிவிட்டது. 2019-21 ஆய்வின்படி, அறுவை சிகிச்சைப் பிரசவங்கள் நாட்டில் 21.5 சதவீதம், கேரளத்தில் 38.9, தமிழகத்தில் 44.9; தெலங்கானாவில் 60.7. தமிழகத்தின் தனியார் மருத்துவமனைகளில் மட்டும் இது 63.8 சதவீதம். 2011-ல் கேரளத்தின் சேர்த்தலா அரசு மருத்துவமனையில், ஈஸ்டர் விடுமுறையையொட்டி அடுத்தடுத்துப் பல பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டதாக எழுந்த புகார் பெரும் சர்ச்சையாகி, அரசு விசாரணைக்கு உத்தரவிட நேர்ந்தது.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை முழுமையாக மறைத்திருந்தால் சிசேரியனைத் தவிர வேறு வழியில்லை. ஆனால், எல்லா அபாயங்களும் அத்தகையவை அல்ல. ஒரு முறை மட்டும் சிசேரியன் செய்துகொண்டு, கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்குத் தழும்பு உள்ள பெண்கள் அடுத்த முறை இயல்பான பிரசவத்துக்கு முயலலாம். அவ்வாறு முயல்வோரில் 10-க்கு 6 முதல் 8 பேர் வெற்றி பெறுகின்றனர். தழும்பு விரியும் அபாயம் ஏறத்தாழ 200-ல் ஒருவருக்கு உண்டு. எனவே, உடனடி அறுவை சிகிச்சைக்கும் ரத்தத்துக்கும் வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே இதனை முயல வேண்டும்.

இரட்டைக் குழந்தைகளில் முதல் குழந்தையின் தலை கீழே இருந்தால், திட்டமிட்ட சிசேரியனால் கூடுதல் நன்மை இல்லை என்று கனடா ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த பன்னாட்டு ஆய்வு 2013-ல் தெரிவித்தது. குழந்தை திரும்பாமல் இருந்தால், வயிற்றின் மேலிருந்து கையால் திருப்பும் முறை ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலிக்கிறது. ரத்த அழுத்தம் உயர்ந்த பெண்ணுக்கு 37-ஆம் வாரத்தில் மருந்து கொடுத்து வலியைத் தூண்டுவதும் ஏற்கப்பட்ட வழியே. மறுபுறம், தேவையற்ற முதல் சிசேரியன் அடுத்த கருவுறுதலையே அபாயம் உள்ளதாக்குகிறது. பழைய தழும்பில் நஞ்சுக்கொடி ஆழமாக ஒட்டிக்கொள்ளும் நிலை, மிகத் தேர்ந்த மருத்துவரையும் திணறவைப்பதாகும்.

இவற்றைத் தாய்க்கு விளக்கிச் சொல்வது மருத்துவரின் பெருந்தன்மையைப் பொறுத்ததன்று. அது சட்டக் கடமை. தில்லி மருத்துவமனை ஒன்றில் ஒரு பெண்ணின் சம்மதமின்றிச் செய்யப்பட்ட அறுவை சிகிச்சை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் அளித்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. சிகிச்சையின் தன்மை, அபாயம், மாற்று வழிகள் ஆகியவற்றைக் கூறிய பின் பெறப்படும் சம்மதமே சம்மதம் என்று அது வரையறுத்தது. அவசரத்தில் நீட்டப்படும் படிவத்தில் கணவர் இடும் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

வீட்டுப் பிரசவம் என்னும் விபரீதம்

மருத்துவமனையின் மீதான அவநம்பிக்கை சிலரை நேர் எதிர்த் திசைக்குத் தள்ளுகிறது. 2018 ஜூலையில் திருப்பூரில், இணையக் காணொலிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் உயிரிழந்தார். 2025 ஏப்ரலில் கேரளத்தின் மலப்புரத்தில், ஐந்தாவது பிரசவத்தை வீட்டில் மேற்கொண்ட பெண் உதிரப்போக்கால் இறந்தார். கணவர் கைது செய்யப்பட்டார். பல முறை குழந்தை பெற்ற பெண்ணின் கருப்பை பிரசவத்துக்குப் பின் எளிதில் சுருங்காது என்பதால், ஐந்தாவது பிரசவமே ஓர் அபாயக் குறி என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

கைது நடவடிக்கை மட்டும் இதற்குத் தீர்வாகாது. பிரசவ அறையில் அவமதிப்பு, தனிமை, விளக்கமற்ற அறுவை சிகிச்சை ஆகியவை நீங்கினால்தான் இத்தகைய பிரசாரங்கள் எடுபடாமல் போகும். பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்க அனுமதிக்கும் முறையைத் தமிழக அரசு மருத்துவமனைகள் முன்னரே கொண்டுவந்தன. 2016-ல் மத்திய அரசும் அதனை ஏற்றது. தேர்ந்த செவிலியரை மகப்பேறு வல்லுநராக உயர்த்த 18 மாதப் பயிற்சி அளிக்கும் திட்டத்துக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2018-ல் வெளியிட்டது. அபாயம் இல்லாத பிரசவங்களை இவர்கள் கவனித்துக்கொண்டால், மருத்துவர்களின் நேரம் அபாயம் உள்ளவர்களுக்குக் கிடைக்கும்.

கலூரில் ஒரு தமிழ்த் தாய்

மேற்கூறிய ஏற்பாடுகள் அனைத்தும், ஒரே ஊரில் நிலையாக வசிக்கும் பெண்ணை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. கொச்சி நகரின் கலூர் போன்ற பகுதிகளில் இந்த எண்ணம் தடுமாறுகிறது. கட்டட வேலைக்கும் கூலி வேலைக்கும் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கொச்சியில் பல்லாண்டுகளாக வாழ்ந்துவருகின்றன. மருத்துவமனைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. எர்ணாகுளம் அரசு பொது மருத்துவமனை, களமசேரி அரசு மருத்துவக் கல்லூரி, உப்பங்கழிக்கு அப்பால் மட்டாஞ்சேரியில் மகளிர்-குழந்தைகள் மருத்துவமனை என அரசு வசதிகளே பல உள்ளன.

சிக்கல், பெண் இடம்பெயரும்போதுதான் எழுகிறது. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து தாய் வீடு செல்வது தமிழ் மரபு. ரத்த அழுத்தம் ஏறக் கூடிய, குழந்தையின் வளர்ச்சி கவனிக்கப்பட வேண்டிய மாதங்களும் அவையே. கேரளத்தில் முதல் ஆறு மாதம் பார்த்த மருத்துவரின் குறிப்பு மலையாளத்திலோ, கிழிந்த அட்டையிலோ இருக்கிறது. தமிழகத்தில், கருவுற்ற பெண்களுக்கு ஆர்.சி.எச். எண் வழங்கிக் கண்காணிக்கும் பிக்மி பதிவு தனியே நடைபெறுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் உதவித்தொகைக்கும் அந்தப் பதிவு தேவை. பிழைப்புக்காகச் சென்று திரும்பிய பெண், எட்டாம் மாதத்தில் புதியவராகவே வரிசையில் நிற்க நேர்கிறது. கேரளத்தில் ஒட்டிய சிவப்பு வில்லை, வாளையாறு சோதனைச் சாவடியைக் கடக்கும்போது பொருளிழந்துவிடக் கூடாது.

இது புதிய கோரிக்கையும் அன்று. 2010 ஜூன் 4-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். முரளிதர் அளித்த தீர்ப்பு, பாதுகாப்பான மகப்பேறு என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்தது. ஏழைப் பெண் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குச் சென்றால், நலத்திட்டப் பயன்களும் அவருடன் செல்ல வேண்டும் என்பது அத்தீர்ப்பின் முக்கியக் கூறு. 2011-ல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், அரசு மருத்துவமனைகளில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், வாகனம் அனைத்தையும் இலவசமாக்கியது. சிகிச்சை எல்லை தாண்டிக் கிடைக்கிறது. சிகிச்சைக் குறிப்பு எல்லை தாண்டுவதில்லை.

பிரசவத்துக்குப் பின்

வீடு திரும்பிய தாயை எல்லாரும் மறந்து, குழந்தையை மட்டும் பார்க்கின்றனர். ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு, கிருமித் தொற்று, கால் நரம்பில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்தல் ஆகியவை பிரசவத்துக்குப் பின்னரும் நேரக் கூடியவை. இதய நோயுள்ள தாய்க்கு அந்த நாள்கள் மிகக் கடுமையானவை. உதிரப்போக்கால் இறப்போர் குறைந்துவரும் நிலையில், தற்கொலையும் தாய்மார் இறப்புக்கு ஒரு காரணமாக இருப்பதைக் கேரள ஆய்வு சுட்டிக்காட்டியது. ரத்த அழுத்தத்தை அளப்பதுபோல் மனநிலையையும் கேட்டறிவது கண்காணிப்பின் ஓர் அங்கமாக வேண்டும்.

இந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் ஆஷா பணியாளர்கள். 2025 பிப்ரவரி 10-ல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அவர்கள் தொடங்கிய போராட்டம், மதிப்பூதியத்தை உயர்த்தக் கோரி எட்டு மாதங்களுக்கும் மேல் நீடித்தது. பொறுப்பு மாநிலத்துடையதா, மத்திய அரசுடையதா என்று இரு தரப்பும் வாதிட்டன. சுகாதார மையங்களின் பெயர்ப் பலகை தொடர்பான பூசலில் கேரளத்துக்கான தேசிய சுகாதார இயக்க நிதி நிறுத்திவைக்கப்பட்டதும் அண்மை வரலாறே. அபாயம் உள்ள தாயின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியவர் வீதியில் அமர்ந்திருக்கும்போது, தாளில் உள்ள கண்காணிப்புத் திட்டம் தாளிலேயே நின்றுவிடும்.

நீடித்த வளர்ச்சி இலக்கின்படி, 2030-க்குள் உலக அளவில் தாய்மார் இறப்பு விகிதம் 70-க்குக் கீழே வர வேண்டும். தென் மாநிலங்கள் அதை முன்னரே எட்டிவிட்டன. இனி அவற்றின் முன் உள்ளது, எண்ணிக்கையைத் தாண்டிய தரத்தின் கேள்வி.

மத்திய அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. கேரளத்தைப் போன்று பெயர் நீக்கிய ரகசிய ஆய்வை எல்லா மாநிலங்களிலும் நடத்தச் செய்து, அதன் முடிவுகளை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். எந்த மாநிலத்திலும் திறந்து படிக்கத்தக்க ஒரே கண்காணிப்புப் பதிவை, தாயின் மொழியிலும் உள்ள அட்டையுடன் வழங்க வேண்டும். அறுவை சிகிச்சைப் பிரசவங்களின் விகிதத்தை, காரணங்களுடன், ஒவ்வொரு மருத்துவமனையும் வெளியிடக் கட்டாயமாக்க வேண்டும். சிவப்பு வில்லை ஒட்டப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் இன்ன மருத்துவமனை, இன்ன மருத்துவர், இத்தனை அலகு ரத்தம் என்ற பிரசவத் திட்டம் 36-ஆம் வாரத்துக்குள் எழுத்தில் தரப்பட வேண்டும். இவை இல்லாதவரை, அட்டையில் உள்ள சிவப்பு வில்லை ஓர் எச்சரிக்கையாக இருக்குமே அன்றி, பாதுகாப்பாக இருக்காது.